கடலுக்குப் போற மருமவனுக்கு மாமன் சொல்ற புத்தி

வாடா மாப்ள, குந்து. கடலுக்குப் போறியாமே? அடி அண்ணாமலையே அதைத்தான் பேசிக்கினு கெடக்குது. நம்ம ஊருக்குத்தான் உலகம் லீவு போட்டுக்கினு வரும். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் லீவு போட்டு வெளியூர் போறான்னா அது சேதிதானே. 1896ல ரமணர் வந்தாரு. 1950ல சமாதி ஆவற வரைக்கும் இந்த மலையடிவாரத்தை வுட்டு ஒரு ஊருக்கும் போவல. அவருக்கு வராத சலிப்பு உனக்கு வந்துட்டுது. வரட்டும், வரட்டும். பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கினு நாலு எடம் பாக்குறது நல்லதுதான். ஆனா தாய்மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கசொல்ல, கேலி பண்ணாம வழியனுப்பினா உங்க அம்மா, அதான் என் தங்கச்சி, என்னைச் சும்மா வுடுவாளா? முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல.

மொதல்ல ஒரு கேள்வி. கடலுக்கும் கடல் சார்ந்த எடத்துக்கும் தெய்வம் யாரு? பள்ளிக்கூடத்துல ஐந்திணை படிச்சியே. வருணன். அந்த வருணன் லிங்கமா குந்தியிருக்கிறது எங்க? கிரிவலப் பாதையில, நம்ம ஊருக்குக் கொஞ்சம் முன்னால. அவரு வாசல்ல நீ கையெடுத்துக் கும்புட்டு நான் பாத்ததில்ல. அங்க எளநி வண்டி போட எடம் கெடைக்குமான்னுதான் நோட்டம் வுட்டுக்கினு இருந்தே. இப்ப அவரைத் தேடிக்கினு நூறு கிலோமீட்டர் சொச்சம் போறே. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினது நம்ம ஊர்லதான்னு பெரியவங்க சொல்லிக்கினு வர்றாங்க. இருபது பாட்டு, பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கினு தண்ணிக்குக் குளிக்கப் போற பாட்டு. அந்த ஊர்ல பொறந்தவன் நீ. கொழாயில தண்ணி வரலன்னா மத்தவன் ஆபீசுல போயி கேப்பான். நீ கடலுக்கே கெளம்பிட்டே.

அது கெடக்கட்டும். விசயத்துக்கு வரேன். இத்தினி நாளு நீ கல்லாவுக்கு இந்தாண்ட குந்திக்கினு இருந்தே. இப்ப அந்தாண்ட நிக்கப் போறே. அது உனக்கு உறைச்சுதா இல்லியான்னு தெரியல. பௌர்ணமின்னா உன் மாடி ரூம் வாடகை இன்னா ஆவுது? சித்ரா பௌர்ணமின்னா இன்னா ஆவுது? கார்த்திகை தீபத்துக்கு இன்னா ஆவுதுன்றது அண்ணாமலையாருக்கும் உனக்கும்தான் தெரியும். மொட்டை மாடியில பாய் போட்டா அதுக்கு ஒரு ரேட்டு. கக்கூசுக்கு ஒரு ரேட்டு. செல்போன் சார்ஜு போட ஒரு ரேட்டு. 14 கிலோமீட்டர்ல பாதிக்கு மேல வெறுங்காலோட நடந்து வந்தவன், காலைப் புடிச்சிக்கினு உன் திண்ணையில குந்தினா, அவன் குந்தி முடிக்கிறதுக்குள்ள கையில தண்ணி பாட்டிலைக் குடுத்துடறே. காசு அப்பறம் சொல்றே. வாசல்ல போர்டு வேற: 'மலை தரிசன அறை'. மலை எங்கடா தெரியுது? கக்கூஸ் வென்டிலேட்டர் வழியா. அதுவும் பக்கெட்டைக் கவுத்துப் போட்டு மேல ஏறினா.

தப்புன்னு நான் சொல்லலடா. அந்த வரும்படியிலதான் உன் புள்ளைங்க பீஸு கட்டறே, நான் வாங்கின கைமாத்தும் அதுல இருந்துதான் வந்துது. நான் சொல்றது, கடலோரத்துலயும் உன்ன மாதிரி ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் புள்ளைங்க இருக்கும், பீஸு இருக்கும். நீ இங்க செய்யறது எல்லாத்தையும் அவன் அங்க செய்வான். அதனால நீ ஏமாந்தேன்னு வந்து என்கிட்ட சொல்ல முடியாது. தொழில் தெரிஞ்சவன் எப்படி ஏமாறுவான்?

எங்க போறே? மரக்காணம் தாண்டி கடப்பாக்கம், ஆலம்பரைக் குப்பம். எடம் நல்லாத்தான் புடிச்சிருக்கே. மாமல்லபுரம், கோவளம், புதுச்சேரின்னு போயிருந்தா உன்னோட ஒரு பௌர்ணமி வசூலை ஒரே சனிக்கிழமை ராத்திரியில கழட்டிக்கினு வுட்டிருப்பாங்க. மரக்காணத்துல இருந்து உப்பு ஏத்திக்கினு வர்ற லாரியில நான் கிளீனரா ஓடினவன். அந்தக் கரை எனக்குப் பழக்கம். அதனால காதைக் குடு.

உன் பெரிய பையன் ரயில்ல போலாம்னு சொல்றானாமே. 'சென்னை கடற்கரை'ன்னு பேர் போட்ட வண்டி நம்ம ஊருக்கே வருதே தாத்தான்னு என்கிட்டயும் வந்து கேட்டான். கேக்கிறது ஞாயம்தான். 2024 மே மாசத்துல இருந்து அந்த வண்டி வருது, ஆரம்பிச்சசொல்ல 50 ரூபா டிக்கெட்டு. ஆனா அந்தக் கடற்கரையில எறங்கினா கடலும் தெரியாது, கரையும் தெரியாது. துறைமுகத்து மதிலும் பாரிமுனை நெரிசலும்தான் தெரியும். மலை தரிசன அறைன்னு நீ போர்டு எழுதினாப்பல யாரோ ஒரு புண்ணியவான் அதுக்கும் பேரு வெச்சிருக்கான்.

பஸ்ஸுதான் சரி. கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம். திண்டிவனத்துல எறங்கி மரக்காணம் வண்டி. அங்க இருந்து மெட்ராஸ் பக்கம் போற ஈசிஆர் பஸ்ஸுல ஏறி கடப்பாக்கத்துல எறங்கணும். செஞ்சியில வண்டி நிக்கசொல்ல புள்ளைங்களுக்கு ராஜகிரிக் கோட்டையைக் காட்டு. 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைங்களோட அதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. நாம அந்த வழியா எத்தினி தடவை போயிருப்போம், கடலை உருண்டை வாங்கினோமே தவிர தலையைத் தூக்கிப் பாத்தோமா? திண்டிவனம் தாண்டினா ரோட்டோரத்துல தர்பூசணியும் நுங்கும் குமிஞ்சிருக்கும். அதை வாங்கு, வெலை சல்லிசு. கடப்பாக்கத்துல எறங்கி ஆலம்பரைக்கு உள்ள போவ ஆட்டோக்காரரு ஒரு ரேட்டு சொல்லுவாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்து நம்ம ஊருக்குப் பௌர்ணமி அன்னிக்கு நம்ம பசங்க சொல்ற ரேட்டை நெனைச்சிக்கினு வாயை மூடிக்கினு ஏறு.

ரூமுக்கு வருவோம். போன்ல அவன் இன்னா சொன்னான்? 'கடல் தெரியும், காத்து வரும், வூட்டுச் சாப்பாடு.' மூணும் சத்தியம். கடல் தெரியும், இரும்பு ஏணியில மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணித் தொட்டிக்கும் தென்னமட்டைக்கும் நடுவுல எட்டிப் பாத்தா நீலமா ஒரு கோடு தெரியும். பக்கெட்டு தேவையில்ல, அந்த வகையில உன்னைவிட அவன் யோக்கியன்.

காத்தும் வரும், ஆனா அது வர்ற நேரத்துக்குத்தான் வரும். மே மாசத்துல காலையில அங்க அடிக்கிறது கடக்காத்து கெடையாது. மேக்கால இருந்து, அதாவது நம்ம பக்கம் இருந்து போற அனல் காத்து. நாம சூடேத்தி அனுப்பின காத்தை அங்க போயி துட்டு குடுத்து வாங்கிக்கினு குந்தியிருப்பே. நெலம் நல்லாக் காஞ்சு, அது மேல இருக்கிற காத்து லேசாயி மேல எழும்பணும். அப்பத்தான் கடல் மேல இருக்கிற குளுந்த காத்து உள்ள ஏறும். சில நாளு பதினோரு மணிக்கே ஏறிடும். சில நாளு ரெண்டு மணி வரைக்கும் கண்ணுல காட்டாது. நம்ம ஊரு வெயிலு சுடும், தொடச்சிக்கினு போயிடலாம். அங்க புழுங்கும். சட்டையைக் கழட்டிப் புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி எடுக்கலாம். ஆனா அந்தக் காத்து ஏறுச்சின்னா மாப்ள, அது வேற ஒலகம். திண்ணையில துண்டை விரிச்சிப் படுத்தா சாயங்காலம் வரைக்கும் ஒருத்தனும் உன்னை எழுப்ப முடியாது. அதுக்கு ரேட்டும் கெடையாது.

கொழாய்த் தண்ணி கரிக்கும். சோப்பு நுரைக்காது. மருமவ ஆசையா ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிச்சா முடி வெறகாட்டம் நிக்கும், அதுக்கும் காரணம் நீதான்னு ஆவும். குடிக்கவும் டீ போடவும் கேன் தண்ணி வாங்கிக்கோ. ஜன்னல் கம்பியைத் தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டும். பேன் றெக்கை ஓரத்துல துரு தின்னிருக்கும். தாப்பாள் பாதி வரைக்கும் வந்து நின்னுக்கும். உப்புக் காத்துல இரும்பு நிக்காது, பெயின்ட் அடிச்சு ஆறு மாசத்துல கொப்புளம் போடும். இதையெல்லாம் பாத்து 'மெயின்டெனன்ஸ் சரியில்ல'ன்னு செல்போன்ல நட்சத்திரத்தைக் கொறைச்சுப் போடாதே. தீபத்துக்கு வந்த ஒரு பெங்களூருக்காரரு உனக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டாருன்னு சோறு எறங்காம கெடந்தது எனக்கு மறக்கல.

அப்பறம், கடல்ல சூரியன் முழுவுறதைக் காட்டறேன்னு மருமவகிட்ட வாக்கு குடுத்திருக்கியாமே. எந்தக் கடல்லடா? நம்மது கெழக்குக் கரை. அங்க சூரியன் கெளம்பும், முழுவாது. முழுவுறதைப் பாக்கணும்னா கடலுக்கு முதுகைக் காட்டிக்கினு கழியைப் பாத்து நிக்கணும். ஆலம்பரையில அது நல்லாத்தான் இருக்கும், கழித் தண்ணி பூரா செவந்து போவும். ஆனா நீ இதை இப்பவே சொல்லி வெச்சிடு. கடலைப் பாத்துக்கினு சாயங்காலம் ஆறு மணிக்கு அவளை நிக்க வெச்சியோ, ஊரு திரும்பற வரைக்கும் உனக்கு அஸ்தமனம்தான். விடியறது வேணா தப்பாம கெடைக்கும். நம்ம ஊரு மலைக்கு மேக்கால இருக்குது. சூரியன் 2,668 அடி ஏறி எட்டிப் பாக்கிறதுக்குள்ள நீ ரெண்டாவது டீ குடிச்சிருப்பே. அங்க மே மாசத்துல 5.45க்கெல்லாம் தண்ணியில இருந்து கெளம்பி நேரா உன் மூஞ்சியில அடிக்கும். அவன் ரூம்ல ஜன்னலுக்குத் துணி போட்டிருக்கமாட்டான்.

சரி, உண்மையைச் சொல்லு. மீனுக்குத்தானே போறே? கிருத்திகை, பிரதோசம், அமாவாசை, பௌர்ணமி, வெள்ளி, செவ்வாய் எல்லாம் கழிச்சிட்டா உங்க ஊட்ல மீனுக்கு மிஞ்சறது எத்தினி நாளு? காலண்டரைப் பாத்துட்டுத்தான் ரூம் போட்டியா? போய் எறங்குற நாளு கிருத்திகையா இருந்தா கூட வர்ற உங்க அம்மா தயிர் சோத்தைப் பெசைஞ்சிக்கினு கடலைப் பாத்துக்கினு இருப்பா. நீ அவளைப் பாத்துக்கினு இருக்கணும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்குது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கரையில மீன்பிடித் தடைக்காலம். மீனு சினை வுடற காலம்னு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவக்கூடாது. மொதல்ல 45 நாளுதான் இருந்துது, 2017ல 61 நாளு ஆக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை லீவு வுடறது எப்ப? அப்பத்தான். ஊரே மீன் துன்ன கடலுக்குப் போவசொல்ல, பெரிய படகெல்லாம் கரையில பெயின்ட் அடிச்சிக்கினு நிக்கும். தலையில கையை வெச்சிக்காதே. பைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் அந்தத் தடை கெடையாது. குப்பத்துல இருக்கிறது அதுங்கதான். கானாங்கெளுத்தி, சங்கரா, கெழங்கான், நெத்திலி, எறா, நண்டுன்னு கிட்டக் கடல் மீனு வந்துக்கினேதான் இருக்கும். எப்பவாச்சும் வஞ்சிரமும் மாட்டும். ஆனா பெட்டி பெட்டியா வஞ்சிரத்தை அடுக்கி வெச்சிக்கினு ஒருத்தன் 'இப்பத்தான் கரைக்கு வந்துது சார்'னு சொன்னான்னா, எந்தக் கரைக்குன்னு கேளு. மேக்குக் கரையில தடை ஜூன் 1ல ஆரம்பிச்சு ஜூலை கடைசி வரைக்கும். ஏப்ரல் மேயில அங்க படகு ஓடும். அந்த மீனு ஐஸ் பெட்டியில குந்திக்கினு பாலக்காட்டு வழியா வந்து, உன்னைப் போலவே டூரிஸ்டா கெழக்குக் கடலைப் பாத்துக்கினு இருக்கும்.

காலையில படகு ஏறுற எடத்துக்குப் போ. வலையை மணல்ல விரிச்சு, ரெண்டு மூணு ஆளு எதிரும் புதிருமா குந்திக்கினு மாட்டின மீனை ஒண்ணொண்ணா கழட்டிக்கினு இருப்பாங்க. கண்ணியில செவுள் மாட்டின மீனை இழுக்காம, பின்னாலயும் தள்ளாம, ஒரு திருப்பு திருப்பி எடுப்பாங்க பாரு, வலையும் கிழியாது, மீனும் நசுங்காது. காக்கா சுத்தும், நாய் சுத்தும், பூனை படகுக்கடியில பதுங்கும். பொம்பளைங்க கூடையோட வட்டம் கட்டி நிப்பாங்க. ஏலம் வுடறவரு மூச்சு வுடாம வெலையைச் சொல்ற வேகத்துல நீ மூக்கைச் சொறிஞ்சாலும் ஒரு கூடை மத்தி உன் தலையில விழும். அதனால ஏலத்துக்குள்ள எறங்காதே. ஏலம் எடுத்த பொம்பளைங்க கூறு கட்டி வெப்பாங்க, அதுல வாங்கு. செவுளைத் தூக்கிப் பாரு, செவசெவன்னு இருக்கணும். கண்ணு உப்பலா, தெளிவா இருக்கணும். வெரலால அமுக்கினா பள்ளம் விழாம எழும்பணும். பேரம் பேசு, வேணான்னு சொல்லல. ஆனா கேலி பண்ணிப் பேசாதே. அந்தம்மா இருட்டுல எழுந்து வந்து காத்துக்கினு நிக்கிறவ. உன் எளநி வண்டியில ஒருத்தன் அஞ்சு ரூபா கொறைக்கச் சொன்னா நீ அவன் வம்சத்தையே இழுக்கிற ஆளு.

வாங்கின மீனை வூட்டுக்கார அம்மாகிட்ட குடுத்து, கொழம்பு வெச்சிக் குடுங்கம்மான்னு மரியாதையாக் கேளு. கூலி பேசிக்கோ. மசாலா பாக்கெட்டு எடுத்துக்கினு போயி அவங்களுக்குச் சமையல் கத்துக் குடுக்காதே. மாங்கா காலம். புளியைக் கொறைச்சு, கீத்து கீத்தா மாங்காயைப் போட்டு, கொழம்பு சுண்டி எண்ணெய் மேல வரசொல்ல கானாங்கெளுத்தியைப் போட்டு, ஒரு கொதியில எறக்கி வெச்சிடுவாங்க. ஒடனே ஊத்தமாட்டாங்க. மீனுக்குள்ள உப்பு புளிப்பு ஏறணும்னு மூடி வெச்சிட்டு வேற வேலை பாக்கப் போயிடுவாங்க. நீ அந்தச் சட்டியைச் சுத்திக்கினு இருப்பே. அதை நான் துன்னு எத்தினி வருசம் ஆவுது... வுடு, அது வேற கதை.

வழி சொல்றதுக்கு நான் ஒருத்தந்தான் இருக்கேன்னு நெனைக்காதே. இது ரெண்டாயிரம் வருசத்துத் தொழிலு. நம்ம செங்கத்து ராசா நன்னன்கிட்ட பரிசு வாங்கிக்கினு வந்த கூத்தன், எதுக்கால வந்த கூத்தனுக்கு வழி சொன்னதுதான் மலைபடுகடாம். நீ போற கரைக்கும் ஒண்ணு இருக்குது, சிறுபாணாற்றுப்படை. பாடினவரு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடப்பாக்கத்துல எறங்கினா பாரு, இன்னிக்கும் அது இடைக்கழிநாடு பேரூராட்சிதான். அதுல வர்ற கிடங்கில் இன்னிக்குத் திண்டிவனத்துக்குள்ள இருக்குது. எயிற்பட்டினம்னு ஒரு கடலோர ஊரு வரும், அதுதான் மரக்காணம்னு படிச்சவங்க சொல்றாங்க. அந்தப் பட்டினத்துக்குப் போனா தேறலு, அதான் கள்ளு, குடுப்பாங்க, சுட்ட குழல் மீன் குடுப்பாங்கன்னு ஒரு பாணன் இன்னொரு பாணனுக்குச் சொல்றான். துட்டு கேப்பாங்கன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. பாணனுக்கு அந்த யோகம். உனக்கு ஜிபே.

மீனு சொன்னதை எடுத்துக்கோ, தேறலு சொன்னதை வுட்டுடு. இது கேலி கெடையாது. 2023 மே மாசத்துல அந்த மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்துல விஷச் சாராயம் குடிச்சு பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. மெத்தனால். கூலிக்குப் போற சனம். கடலோரம், காத்து, கூட்டாளின்னு எவனாவது பாக்கெட்டை நீட்டினா, அவன் கூட்டாளி கெடையாது.

கடல்ல எறங்கறதைப் பத்தியும் கேலி பண்ணமாட்டேன். நம்ம புத்தி ஏரி கொளத்துப் புத்தி. அலை வரிசையா ஒடையும். நடுவுல ஒரு எடம் மட்டும் ஒடையாம, தட்டையா, சாதுவா இருக்கும். 'தோ, இங்கதான் அலையில்ல, புள்ளைங்களை எறக்கு'ன்னு உன் புத்தி சொல்லும். கரையில மோதின தண்ணியெல்லாம் ஒண்ணு சேந்து கடலுக்குத் திரும்பற வாய்க்கா அதுதான். இடுப்பளவுத் தண்ணியில இருந்தே ஆளை உள்ள கொண்டுக்கினு போயிடும். அப்படி இழுத்துட்டா கரையைப் பாத்து எதிர்த்து நீந்தாதே, தம் போயிடும். கரைக்கு நெட்டுக்கு, பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்பை வுட்டு வெளிய வந்துட்டு அப்பறம் கரைக்குத் திரும்பணும். கழி கடல்ல கலக்குற முகத்துவாரத்துல கால் வெக்கவே வெக்காதே. எந்த எடம், எந்த நேரம்னு குப்பத்துப் பெரிய மனுசனைக் கேளு. 'இன்னிக்கு வேணாம்'னு அவரு சொன்னா வேணாம். ஏன்னு கேக்காதே, செல்போன்ல தேடிப் பாக்காதே.

கடலு எங்கயோ இருக்குதுன்னு நெனைச்சிக்கினு இருந்தோமே, 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயலு புதுச்சேரி கிட்ட கரை ஏறிச்சு. மறுநாளு சாயங்காலம் நம்ம மலையில மண்ணு சரிஞ்சு வ.உ.சி. நகர்ல ஏழு உசுரு போச்சு. அதுல பாதிக்கு மேல பச்சைப் புள்ளைங்க. அங்க இருந்து இங்க எட்டின கை அது. அதனாலதான் சொல்றேன்.

ஆலம்பரைக் கோட்டையைப் பாக்கிறதுக்குச் செலவில்ல. நவாபு காலத்துது, செங்கல்லும் சுண்ணாம்பும். காசு அடிச்ச எடமாம். 1750ல பிரெஞ்சுக்காரன் டூப்ளே கைக்குப் போச்சு, 1760ல இங்கிலீஷ்காரன் புடிச்சு இடிச்சுட்டான். மிச்சத்துல 2004 சுனாமி கொஞ்சம் எடுத்துக்கிச்சு. நெழலு ஒரு கையளவு கூட இருக்காது, பத்து மணிக்கு மேல போனா மண்டை பொளக்கும். செவுத்துல உன் பேரையும் மருமவ பேரையும் கிறுக்கி நடுவுல அம்பு போடாதே, அந்த வயசெல்லாம் தாண்டிட்டே. கழியில படகு சவாரி உண்டு. ஏறுறதுக்கு முன்னால ரேட்டைப் பேசு, போவ மட்டுமா வரவும் சேத்தான்னு பேசு, புள்ளைங்களுக்கு மெதவைச் சட்டை கேட்டு வாங்கு. வர்ற வழியில மரக்காணத்து உப்பளத்தைக் காட்டு. பாத்தியில தண்ணி வத்தி, அம்பாரம் அம்பாரமா குமிச்சு பனையோலை மூடியிருப்பாங்க. அந்த வெயில்ல, அந்த உப்புல வெறுங்காலோட நிக்கிற சனத்தை உன் பையன் பாக்கட்டும். அப்பறம் தட்டுல உப்பைக் கொட்டி வெளையாடமாட்டான்.

இன்னொண்ணு. மணல்ல வலை விரிச்சிருக்கும், அது மேல செருப்புக் காலோட ஏறி செல்பி எடுக்காதே. நடவு நட்ட கழனியில ஒருத்தன் வந்து அப்படி நின்னா நாம இன்னா பேசுவோம்? அதேதான். படகு மேல புள்ளைங்க ஏறணும்னா கேட்டுட்டு ஏத்து. கேட்டா தூக்கியே வுடுவாங்க.

பௌர்ணமிக்கு நீ ஊர்ல இருக்கணுமேன்னு கவலைப்படறே, தெரியுது. கடல்ல இருந்து முழு நெலா எழும்பறது பாக்க வேண்டிய காட்சிதான், ஆனா அன்னிக்கு உன் கல்லாவுல இன்னொருத்தன் குந்தினா உனக்கு நெலா கண்ணுக்குத் தெரியாது. வளர்பிறையிலயே போயிட்டு வந்துடு. சனி ஞாயிறு வேணாம், ஈசிஆர்ல மெட்ராஸ்காரன் காரு நிக்க எடமில்லாம நிக்கும், ரூமும் எகிறும். திங்கக்கிழமை மொத பஸ்ஸு. நாலரை மணிக்கு வேட்டி கட்டி, பை தூக்கிக்கினு, அடி அண்ணாமலையார் கோயில் வாசல்ல நான் நிப்பேன். ஜன்னல் சீட்டு எனக்கு. டிக்கெட்டு உன்னுது. மீனை நிறுத்தச் சொல்லி டாக்டர் சொல்லல, உங்க அத்தைதான் சொன்னா. அவ கேட்டா, மாமா வரமாட்டேன்னு எவ்வளவோ சொல்லியும் நீதான் கையைப் புடிச்சி இழுத்துக்கினு போனேன்னு சொல்லிடு.